செப்பாங்கின் 11-ஆவது வளைவு: ஒரு விபத்தின் இயற்பியல்

மாணவர்களே, கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போயிருக்கிறீர்களா? அதற்கு அருகில்தான் செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் இருக்கிறது. 1999-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மொத்தம் 15 வளைவுகள். இந்த வாரம் அவற்றில் ஒன்றை மட்டும் பார்க்கப் போகிறோம். வலப்பக்கம் திரும்பும் 11-ஆவது வளைவு.

2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய மோட்டோ ஜிபி பந்தயத்தின் இரண்டாவது சுற்று. நான்காவது இடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மார்கோ சிமொன்செல்லி. வயது 24. ஹோண்டா வண்டி, எண் 58. தலைக்கவசத்தைக் கழற்றினால் புதர்போல எழும்பி நிற்கும் சுருட்டை முடி. அதைப் பார்த்தே சிறுவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். செப்பாங் அவருக்குப் புதிய இடமில்லை. 2008-இல் 250 சிசி பிரிவின் உலக வெற்றியாளர் பட்டத்தை அவர் உறுதி செய்துகொண்டது இதே தடத்தில்தான். ஒரு வாரத்துக்கு முன்பு, ஆஸ்திரேலியாவில், மோட்டோ ஜிபியில் முதன்முறையாக இரண்டாம் இடம் பிடித்திருந்தார்.

11-ஆவது வளைவில் அவருடைய வண்டி பிடிப்பை இழந்து சரிந்தது. பந்தயத்தில் விழுவது அன்றாட விஷயம். ஒரே வார இறுதியில் பத்துப் பேர் விழுவார்கள். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, கோபமாக நடந்து போவார்கள். அன்று அப்படி நடக்கவில்லை. சரிந்த வண்டி வளைவுக்கு வெளியே வழுக்கிப் போகாமல், சட்டென்று உள்பக்கம் திரும்பித் தடத்தின் குறுக்கே வந்தது. சிமொன்செல்லியும் அதோடு வந்தார். பின்னால் வந்த காலின் எட்வர்ட்ஸும் வாலண்டினோ ரோஸியும் விலக வழியில்லாமல் மோதினார்கள். ரோஸி அவருக்கு நெருங்கிய நண்பர். மோதிய வேகத்தில் தலைக்கவசம் கழன்று உருண்டது. சிவப்புக் கொடி காட்டப்பட்டு, பந்தயம் பிறகு கைவிடப்பட்டது. மாலை 4.56-க்கு அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அந்த மோதல் காட்சியைத் தேடிப் பார்க்க வேண்டாம். அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு ஒரு நொடி முன்பு நடந்ததில் இருக்கிறது. விழுகிற எல்லாரும் வெளியே போகும்போது, இவர் மட்டும் ஏன் உள்ளே வந்தார்?

மைகார்டு அளவு ரப்பர்

நேராகப் போகும் பொருள் நேராகவே போகப் பார்க்கும். அதை வளைக்க ஒரு விசை வேண்டும். அந்த விசை வளைவின் மையத்தை நோக்கி இழுக்க வேண்டும். இதை மையநோக்கு விசை என்று படித்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு அந்த விசையைத் தருவது டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. சாய்ந்து போகும்போது டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் மைகார்டு அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு மைகார்டு, பின்னால் ஒரு மைகார்டு. அவ்வளவுதான் பிடிப்பு.

மோட்டோ ஜிபி ஓட்டுநர்கள் வளைவில் 60 பாகை வரைக்கும் சாய்கிறார்கள். உங்கள் கணிப்பொறியில் டேன் 60-ஐத் தட்டிப் பாருங்கள்: 1.73. அதாவது வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அதைப்போல 1.73 மடங்கு விசையை அந்த இரண்டு மைகார்டுகளும் பக்கவாட்டில் தர வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் உடலின் சாய்வு, டயரின் அகலம் இவற்றையெல்லாம் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் அளவு புரிகிறதல்லவா?

இப்போது பிடிப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் டயரின் அடிப்பகுதி, தரையைத் தொடும் அந்தக் கணத்தில், தரையோடு ஒப்பிட்டால் நகராமல் நிற்கிறது. ஆகவே அங்கே வேலை செய்வது நிலை உராய்வு. வழுக்க ஆரம்பித்தவுடன் அது இயக்க உராய்வாக மாறுகிறது. இது நிலை உராய்வைவிடக் குறைவு. அதனால்தான் வழுக்கல் தொடங்கினால் ‘கொஞ்சமாக’ நிற்பதில்லை. மொத்தமாக உருவிக்கொண்டு போகிறது. வளைக்கும் விசை போய்விட்டது. இனி வண்டியும் ஆளும் எங்கே போவார்கள்? அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார்களோ அந்தத் திசையில், தொடுகோட்டில். வலப்பக்கம் திரும்பும் வளைவில் தொடுகோடு இடப்பக்கமாக, தடத்தை விட்டு வெளியே போகும். பந்தயத் தடங்களைக் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வளைவுகளின் வெளிப்பக்கத்தில் சரளைக்கல் பரப்பி வெட்டவெளியாக விட்டிருக்கிறார்கள். விழுந்தவர் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

சிமொன்செல்லி அங்கே போய்ச் சேரவில்லை. சரிந்த வண்டியின் டயர் மறுபடியும் தரையைப் பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இங்கே ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். உணவுக்கடையில் தே ஆயிஸ் தருகிற பிளாஸ்டிக் குவளையை எடுத்து மேசைமேல் படுக்க வைத்து உருட்டிவிடுங்கள். நேராகப் போகாது, குறுகிய பக்கத்தை நோக்கி வட்டம் போடும். வாய் அகலம், அடி குறுகல். ஒரே சுற்றில் அகலமான பக்கம் அதிக தூரம் ஓடுகிறது, குறுகிய பக்கம் குறைவாக ஓடுகிறது, அதனால் குவளை திரும்புகிறது. வலப்பக்கம் சாய்ந்த டயரும் அந்தக் குவளையின் ஒரு துண்டுதான். அதன் ஓரம் குறுகல், நடு அகலம். சாய்ந்தபடி தரையைப் பற்றினால் அது சாய்ந்த பக்கமே திரும்பும். வலப்பக்கம், அதாவது வளைவின் உள்ளே, மற்றவர்கள் வந்துகொண்டிருக்கும் பாதைக்கு.

பிடிப்பை இழந்ததைவிட, பிடிப்புத் திரும்பி வந்ததுதான் அன்று ஆபத்தாக முடிந்தது.

அடிக்கோல் சொல்லும் 0.2 நொடி

பின்னால் வந்தவர்கள் விலகியிருக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். அதற்கு வீட்டிலிருக்கும் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் பதில் சொல்லும். நண்பர் ஒருவர் அடிக்கோலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்நுனியில், தொடாமல், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வையுங்கள். சொல்லாமல் அவர் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அடிக்கோல் 20 சென்டிமீட்டர் அளவுக்கு நழுவிய பிறகே பிடிபடும். 20 சென்டிமீட்டர் விழ ஆகும் நேரம் ஏறக்குறைய 0.2 நொடி. இது, ‘இதோ விழப் போகிறது’ என்று காத்திருந்து பிடிக்கிற நேரம். எதிர்பாராத ஒன்றுக்கு இன்னும் கூடும்.

ஒரு வளைவில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொள்வோம். அது நொடிக்கு 41.7 மீட்டர். முன்னே போகிறவருக்கும் பின்னே வருபவருக்கும் அரை நொடி இடைவெளி இருந்தால் நடுவில் இருப்பது 21 மீட்டர். அதில் கண் பார்த்து மூளை புரிந்துகொள்வதற்குள் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். எஞ்சிய 0.3 நொடியில், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் 150 கிலோ வண்டியை நிமிர்த்தி வேறு பாதைக்கு மாற்ற வேண்டும். பிடிப்பு முழுவதையும் வளைவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கும் டயரில் பிரேக் பிடிக்க மிச்சம் எதுவுமில்லை. இரண்டாவது சுற்று என்பதால் ஓட்டுநர்கள் இன்னும் சிதறாமல் கொத்தாக வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்வர்ட்ஸ், ரோஸி இருவர்மீதும் அன்றைக்கும் இன்றைக்கும் யாரும் பழி சொல்லாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010 செப்டம்பர் 5 அன்று, இத்தாலியின் மிசானோ தடத்தில் ஜப்பானியரான ஷோயா தோமிஸாவா இறந்ததும் இதே முறையில்தான். விழுந்தார், பின்னால் வந்த இருவர் மோதினார்கள். அந்த மிசானோ தடத்துக்குத்தான் பிறகு சிமொன்செல்லியின் பெயரைச் சூட்டினார்கள்.

உயரத்தைத் தூரத்தால் வகுத்தால்

இனி வருவது இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நமக்கு வேகமாகவே தெரியாது. கப்சாய் வண்டி மூன்றாம் கியரில் போகும் வேகம். இதை உயரமாக மாற்றிப் பார்ப்போம். மேலேயிருந்து விழும் பொருளுக்கு, வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். கணக்குப் போட்டால் உயரம் 14.2 மீட்டர். ஏறக்குறைய ஐந்து மாடி. அதாவது 60-இல் போகும்போது உங்கள் உடலில் இருக்கும் இயக்க ஆற்றல், அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் கணத்தில் இருக்கும் ஆற்றலுக்குச் சமம். வேகத்தை இருமடங்காக்கி 120-இல் போனால் உயரம் இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகி 57 மீட்டராகிறது.

உயரம் பயமுறுத்துகிறது. ஆனால் உயரம் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதும் சேர வேண்டும். நிற்பதற்கும் அதே வாய்பாடுதான்: வேகத்தின் வர்க்கம் = 2 × வேகக் குறைவு × நிற்க எடுத்துக்கொண்ட தூரம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் அழகான ஒன்று கிடைக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு ‘ஜி’ என்று வைத்துக்கொண்டால்,

உடல் தாங்க வேண்டிய ‘ஜி’ = உயரம் ÷ நிற்கும் தூரம்.

இதைவிடச் சுருக்கமாகச் சாலைப் பாதுகாப்பை யாராலும் எழுத முடியாது என்பது என் எண்ணம்.

60-இல் விழுந்து, எதிலும் மோதாமல், தாரில் வழுக்கிக்கொண்டே போய் நிற்பவரை எடுத்துக்கொள்வோம். உடைக்கும் தாருக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால், அவர் நிற்க ஏறக்குறைய 24 மீட்டர் ஆகும். 14.2-ஐ 24-ஆல் வகுத்தால் 0.6 ஜி. பேருந்து ஓட்டுநர் திடீர் பிரேக் போட்டால் நாம் உணர்வது கிட்டத்தட்ட அந்த அளவுதான். தோல் உரியும், சட்டை கிழியும், ஒரு வாரத்துக்குக் குளிக்கவே பயமாக இருக்கும். ஆனால் உயிர் போகாது. அதே ஆள் அதே 60-இல் விழுந்து விளக்குக் கம்பத்தில் மோதி 10 சென்டிமீட்டரில் நின்றால்? 14.2 ÷ 0.1 = 142 ஜி.

ஒரே வேகம், ஒரே ஆள், ஒரே உயரம். நிற்கும் தூரம்தான் வேறு.

செப்பாங்கின் சரளைக்கல் பரப்பை இப்போது மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அங்கே கம்பம் இல்லை, சுவர் தொலைவில் இருக்கிறது. நிற்பதற்கு நிறைய தூரத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் ஓட்டுநர்களை அத்தனை முறை எழுந்து நடக்க வைக்கிறது. ஆனால் பின்னாலிருந்து வந்து மோதும் வண்டிக்கு எதிராக எந்தச் சரளைக்கல்லும் உதவாது. மோதலில் உடலின் வேகம் சில சென்டிமீட்டருக்குள் மாறிவிடுகிறது. தடங்களைக் கட்டும் பொறியாளர்கள் விழுவதையும் வழுக்குவதையும் ஏறக்குறைய வென்றுவிட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் இன்னும் வெல்ல முடியவில்லை.

2018 முதல் மோட்டோ ஜிபி ஓட்டுநர்கள் அனைவரும் காற்றுப்பை பொருத்திய உடையைக் கட்டாயம் அணிய வேண்டும். விழுவதை உணர்கருவிகள் கண்டுபிடித்து, உடல் தரையைத் தொடுவதற்கு முன்பே தோளையும் மார்பையும் சுற்றிப் பையை ஊதிவிடும். அதுவும் நிற்கும் தூரத்துக்குச் சில சென்டிமீட்டர் கூட்டும் வேலைதான்.

அப்படியென்றால் தலைக்கவசம் எதற்கு?

‘உலகத் தரமான கவசமே அன்று கழன்று விழுந்துவிட்டது, நம்முடைய ஐம்பது ரிங்கிட் கவசம் என்ன செய்யும்?’ என்று கேட்கிற அண்ணன்மார்களை எல்லாத் தாமானிலும் பார்க்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்ல உங்களிடம் இப்போது வாய்பாடு இருக்கிறது.

கவசத்தின் உள்ளே இருப்பது போலிஸ்டைரின். சந்தையில் மீன் வைக்கிற வெள்ளைப் பெட்டி தெரியுமல்லவா, அதே இனம். ஆனால் அடர்த்தி கூடியது. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதால் தலைக்கு நிற்க 2.5 சென்டிமீட்டர் கிடைக்கிறது என்று வைப்போம். வெறுந்தலையாக இருந்தால் தோலும் எலும்பும் தருவது சில மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். கவசமில்லாமல் விழுந்தால் 1.6 ÷ 0.0025 = 640 ஜி. கவசத்தோடு விழுந்தால் 1.6 ÷ 0.025 = 64 ஜி. பத்தில் ஒரு பங்கு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. கவசத் தரம் (22.05) மோதல் சோதனையில் 275 ஜி-ஐத் தாண்டக் கூடாது என்றுதான் வரம்பு வைத்தது.

அப்போது வண்டியின் வேகம் எங்கே போயிற்று, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று யாராவது கேட்டால், அந்த மாணவருக்குப் படிவம் நான்கு இயற்பியலில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. கிடைமட்ட வேகமும் செங்குத்து வேகமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. 60-இல் போனாலும் 200-இல் போனாலும், தலை கீழே விழுவது அதே 1.6 மீட்டர்தான். கிடைமட்ட வேகத்தை வழுக்கல் மெதுவாகத் தின்றுவிடும். செங்குத்து வேகத்தைக் கவசம் தின்றுவிடும். 200-இல் விழுந்த பந்தய ஓட்டுநர் எழுந்து நடப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கிடைமட்ட வேகம் முழுவதையும் கவசத்தின் தலையில் கட்டினால் அது தாங்காது. 60-இல் தலை நேராகக் கம்பத்தில் மோதினால் 14.2 ÷ 0.025 = 568 ஜி. செப்பாங்கில் நடந்தது இந்த வகை. கவசம் செய்ய வேண்டிய வேலை அதுவல்ல. அதைவிடப் பல மடங்கு அதிகம் நடக்கிற, 1.6 மீட்டர் விழுகையை அது பார்த்துக்கொள்கிறது. ஒரே நிபந்தனை: அது தலையில் இருக்க வேண்டும். பலர் பெயருக்குத் தலையில் கவிழ்த்துவிட்டு வாரைக் கட்டாமல் போகிறார்கள். விழும்போது உடல் சுழலும்; கட்டாத கவசம் நிலைமத்தால் தன் பாட்டுக்குப் போய்விடும். தரையைத் தொடுவது வெறுந்தலை. நசுங்கிய போலிஸ்டைரின் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதையும் மறக்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் 1973-இலேயே கட்டாயமாகிவிட்டது. நம் நாட்டின் கவசத் தரத்துக்கு எண் என்ன தெரியுமா? எம்.எஸ். 1. உங்கள் வீட்டுக் கவசத்தில் சிரிம் முத்திரைக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

அதே வாரம், லாஸ் வேகஸில்

சிமொன்செல்லி ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம் பிடித்த அதே அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இண்டிகார் பந்தயம் நடந்தது. சாய்வாகக் கட்டப்பட்ட 2.4 கிலோமீட்டர் நீள்வட்டத் தடம். அதில் 34 கார்கள். வேகம் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். 11-ஆவது சுற்றில் 15 கார்கள் ஒன்றோடொன்று மோதின. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை 2005-இலும் அந்த 2011-ஆம் ஆண்டிலும் வென்றிருந்த ஆங்கிலேயரான டேன் வெல்டன் உயிரிழந்தார்.

இங்கேயும் ஒரு டயர்க் கதை இருக்கிறது. இந்தக் கார்களின் சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே இருக்கும். முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தை நினைத்துப் பாருங்கள்: அதன் பின்புறம் மேல்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் வரும் காரின் முன்சக்கரம் அதில் தொட்டால் அந்த மேல்நோக்கிய சுழற்சி அதைத் தூக்கி எறிகிறது. கார் பறக்கிறது. வெல்டனின் கார் அப்படித்தான் காற்றில் எழும்பி, சுவருக்கு மேலே இருந்த வேலியில் போய் மோதியது.

அந்தச் சுவர் சாதாரணச் சுவர் அல்ல என்பதுதான் வருத்தமான விஷயம். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார். பார்வைக்குப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. கார் சட்டென்று நின்றது. வாரில் கட்டிய உடலும் நின்றது. தலை மட்டும் நிலைமத்தால் முன்னே போனது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துவிட்டது. அதன் பிறகு தலையையும் கழுத்தையும் தோளோடு பிணைக்கும் கருவியை அந்தப் பந்தயங்களில் கட்டாயமாக்கினார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார், இரும்புக் குழாய்களுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நுரைப்பாளங்களை வைத்து, மோதினால் உள்வாங்குகிற சுவரை உருவாக்கினார்கள். அது 2002-இல் இண்டியானாபோலிஸில் முதலில் வந்தது. நம்முடைய வாய்பாட்டில் கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக்குகிற சுவர். லாஸ் வேகஸிலும் அதுவே இருந்தது. கார் அதைத் தாண்டிப் பறந்துவிட்டதால் பயன்படவில்லை.

2012-க்காகத் தயாரான புதிய இண்டிகாரில் பின்சக்கரங்களுக்குப் பின்னால் தடுப்பு வைத்தார்கள், இன்னொரு சக்கரம் தொட்டு ஏறக் கூடாது என்பதற்காக. அந்தக் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டிப் பார்த்தவர் டேன் வெல்டனேதான். அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘டிடபிள்யூ 12’ என்று பெயர் வைத்தார்கள்.

கூட்டரசு நெடுஞ்சாலைக்கு வருவோம்

செப்பாங் வருவதற்கு முன் நம் நாட்டின் பெரிய பந்தயங்கள் பத்து தீகாவில் நடந்தன. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. 1968-இல் திறந்த அந்தத் தடம் இன்று இல்லை. ஆனால் அதே நெடுஞ்சாலையோரம் வேறொரு தடம் இருக்கிறது. அதில் பரிசுக் கோப்பை கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாகப் பிரித்துக் கட்டிய பாதை. 1970-களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய இது, உலகிலேயே இவ்வகையில் முதலில் வந்தவற்றுள் ஒன்று. மழை வந்தால் அதன் பாலங்களுக்கடியில் நூறு வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்தப் பாதை என்ன செய்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். அது விழுவதைத் தடுப்பதில்லை. விழுந்தவருக்குப் பின்னால் லாரி வராமல் பார்த்துக்கொள்கிறது. 1990-களில் பாதையை நீட்டித்தபோது நம் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

நான் கிள்ளானிலிருந்து வேலைக்கு வண்டியில் வந்துபோன காலத்தில், ஒரு மழை நாளில், அந்தப் பாதையின் வளைவொன்றில் வழுக்கி விழுந்திருக்கிறேன். ஈரத் தாரில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னால் வந்தது இன்னொரு கப்சாய். அந்த அண்ணன் நிறுத்தி, என்னைத் தூக்கிவிட்டு, “கவசத்தை மாத்திடு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தடுப்புக்கு அந்தப்புறம் கொள்கலன் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அன்று எனக்கு வாய்பாடெல்லாம் நினைவுக்கு வரவில்லை. லாரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாச் சாலையிலும் தனிப்பாதை கிடையாது. அங்கே பின்னால் வருபவரின் இடைவெளிதான் தடுப்பு. 60-இல் போகும்போது இரண்டு நொடி இடைவெளி என்றால் 33 மீட்டர். 110-இல் 61 மீட்டர். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கிப் பாருங்கள். பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் எண்ணலாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு ‘இரண்டு’ என்று சொல்லி முடிக்க எத்தனை வண்டிகள் நேரம் தருகின்றன என்று குறித்து வையுங்கள்.

உங்களில் 16 வயது நிரம்புகிறவர்கள் பி2 உரிமத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். போவதற்கு முன் இந்த இரண்டு கணக்குகளையும் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: மணிக்கு 90 கிலோமீட்டர் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம்? மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் என்று வைத்து, உங்கள் அடுக்குமாடியில், அல்லது பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் பார்க்கும் ஏதாவது உயரமான கட்டடத்தில், அது எத்தனையாவது மாடி என்று எண்ணுங்கள்.

இரண்டு: அந்த வேகத்தில் விழுந்து வழுக்கி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? உராய்வுக் குணகம் 0.6. விடையைக் காலடியால் பள்ளித் திடலில் அளந்து, அந்தக் கோட்டின் மறுமுனையில் போய் நின்று திரும்பிப் பாருங்கள்.